தைப்பிங்கில் ஒரு ஞாயிறு காலை

தோட்டத்துக் கிராணிமார் நகரத்திற்குப் போனால் நடப்பதில்லை. நடந்தால் மதிப்புக் குறையும் என்பது அவர்களுக்குள் எழுதாச் சட்டம். நாமும் பல்லாண்டுகளாக அச்சட்டத்திற்கு அடங்கியே வந்தோம். ஆதலின் தைப்பிங் நகரில் நாம் அறிந்தவை மூன்றே இடங்கள்: வங்கி, இரும்புக்கடை, மோட்டார் சைக்கிள் பட்டறை. சென்ற மாதம் ஒரு ஞாயிறு காலை ஏழரை மணிக்கு நமது வண்டியைப் பட்டறையில் விட்டோம். "பதினொரு மணிக்கு வாருங்கள்" என்றார் பட்டறைக்காரர். வேறு வழியின்றி நடந்தோம்.

இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. மழைக்குப் பெயர்போன ஊரல்லவா! மலையின் இடுப்பில் மேகம் தங்கியிருந்தது. பொருட்காட்சிச்சாலையும் சிறைச்சாலையும் எதிரெதிரே நிற்பதை அன்றுதான் கவனித்தோம். பழம்பொருளைப் பூட்டிவைப்பதும் மனிதரைப் பூட்டிவைப்பதும் ஒரே சாலையில்! அதைக் கடந்தால் ஏரிப் பூங்கா. ஈயம் தோண்டிக் கைவிட்ட பள்ளங்களே 1880இல் இப்பூங்காவாயின.

ஏரிக்கரை மரங்களைக் கண்டு நாம் நின்றுவிட்டோம். நூறாண்டுகளுக்கு மேற்பட்ட அம்மரங்கள் சாலையைக் கடந்து கிளைகளை நீட்டித் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. தைப்பிங் என்ற பெயர் வந்தது 1874இல், பொருட்காட்சிச்சாலை தொடங்கியது 1883இல், இங்கிருந்து போர்ட் வெல்டுக்கு முதல் இரயில் ஓடியது 1885இல் என்று ஆங்கிலத்தில் தடையின்றி ஒப்பிப்போம்; பள்ளிக்கூடம் நமக்கு அவ்வளவு நன்றாகக் கற்பித்திருந்தது. மரத்தின் ஆங்கிலப் பெயரும் தெரியும். தமிழில் என்ன பெயர்? விழித்தோம்.

"தூங்குமூஞ்சி மரம்டா. பொழுது சாஞ்சா இலையெல்லாம் மடிச்சுக்கிட்டுத் தூங்கிடும்" என்றது ஒரு குரல்.

திரும்பினோம். பேரனோடு ஒரு மூதாட்டி பெஞ்சியில் அமர்ந்திருந்தார். மலாய்க்காரர் இதை 'ஐந்து மணி மரம்' என்பர். ஆங்கிலேயர் மழையைக் கண்டனர். நம்மவரோ ஒரு முகத்தைக் கண்டிருக்கின்றனர். இந்த இன்பத்தில் நாம் திளைத்திருக்கையில், "கிராணி ஐயாங்களா?" என்றார் அம்மூதாட்டி.

அப்போதுதான் தெரிந்தது. நமது தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது நகரத்திற்குக் குடிபெயர்ந்தவர். நாம் உத்தியோகத்திற்கு வந்த புதிதில், ஒரு மழைக்காலையில் பெரட்டுக்கு இருபது நிமிடம் பிந்தி வந்தார். செக்ரோலில் அரை நாள் என்று குறித்தோம். ஏன் பிந்தியது என்று கேட்கவில்லை. கேட்பது கிராணி வேலையன்று என்று அப்போது எண்ணியிருந்தோம்.

"நடந்தா வந்தீங்க? உக்காருங்கய்யா" என்று நகர்ந்து இடம் கொடுத்தார். நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து, பேரனுக்கும் நமக்குமாகப் பங்கிட்டார். தொண்டையில் இறங்க மறுத்தது. உறைப்பினால் என்று சொல்லிக்கொண்டோம்.

"அம்மா, அந்த அரை நாள்..." என்று தொடங்கினோம்.

"ஞாபகம் இருக்குங்கய்யா" என்று சிரித்தார். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை. நாமும் கேட்கத் துணியவில்லை. பிறகு அவர் ஏரியைச் சுற்றி ஒவ்வொரு மரமாகக் காட்டிப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். புன்னை, கொன்றை, நாகலிங்கம் எனப் பேரனுக்குச் சொல்வதுபோல் நமக்கும் சொன்னார். பையன் நம்மைவிட விரைவில் கற்றுக்கொண்டான்.

பட்டறைக்கு நாம் திரும்பியபோது மணி ஒன்று. கதவு பூட்டியிருந்தது. மறுநாள் விடியலில் பெரட்டுக்கு நடந்தே போனோம். இருபது நிமிடத்திற்கும் மேலாகவே பிந்திவிட்டது. நமக்கு எவரும் அரை நாள் குறிக்கவில்லை.