வெளியே நிற்பவர்

விறகு அடுக்குவதில் என் தாயாருக்கு நிகரானவர் எங்கள் தெருவில் எவரும் இலர். ஐப்பசி மழை தொடங்குமுன்னரே பனைமட்டையும் உடைவிறகும் வரட்டியும் அடுப்படிச் சுவரை ஒட்டி மார்பளவு உயரத்திற்கு எழுந்துவிடும். அதன்மேல் பழைய ஓலைப்பாய், அதன்மேல் தார்ப்பாய், ஓரங்களில் கல். காற்றும் ஈரமும் ஊசிமுனை அளவுகூட நுழையக் கூடாது என்பதே அவர் கட்டளை. எரிபொருளுக்கு ஈரம் ஒன்றே பகை என்ற அப்பாடத்தைப் பத்து வயதிலே கற்றுக்கொண்டேன். ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, அயல்நாட்டுப் பங்கு இல்லம் ஒன்றின் நிலவறையில், அதே பாடம் என் உயிரை வாங்கப் பார்த்தது.

ஆஸ்திரிய நாட்டின் ஸ்டயர்மார்க் மாநிலத்தில், மலையடிவாரத்துச் சிற்றூர்ப் பங்கு ஒன்றில் 2017 முதல் 2023 வரை பணியாற்றினேன். கோட்டைச் சுவர்போன்ற தடித்த சுவர்களை உடையது அந்த இல்லம். தை மாதத்து இரவுகளில் வெளியே உறைநிலைக்குப் பத்துப் பாகை கீழே இறங்கும். கணப்பு இல்லாமல் ஒரு நாளும் வாழ இயலாது. முன்பு அங்கே எண்ணெய்க் கொதிகலன் இருந்ததாம். அரசு உதவித்தொகை கொடுத்து எண்ணெயைக் கைவிடச் செய்யும் திட்டத்தின்கீழ், நான் போகுமுன்னரே அதை அகற்றிவிட்டு, மரத்தூள் குச்சிகளால் எரியும் கொதிகலனை வைத்திருந்தனர். அக்குச்சிகளை அவர்கள் பெல்லட் என்கிறார்கள்.

பெல்லட் என்பது ஆறு மில்லிமீட்டர் பருமனில், நம் பிள்ளைகளின் பென்சிலை இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் நறுக்கிப் போட்டாற்போல இருக்கும். மர அறுவை ஆலைகளில் விழும் தூளை உலர்த்தி, பேரழுத்தத்தில் துளைகள் வழியே பிதுக்கி எடுக்கிறார்கள். மரத்துக்குள்ளேயே இருக்கும் லிக்னின் என்னும் பொருள் அவ்வெப்பத்தில் இளகிப் பசையாகிறது. இரண்டு கிலோ பெல்லட் ஏறத்தாழ ஒரு லிட்டர் கணப்பு எண்ணெயின் வெப்பத்தைத் தரும். நல்ல தரமானதில் ஈரம் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் இருக்கலாகாது. சாம்பல் ஒரு பங்குகூட வராது. நீர் பட்டாலோ நொடியில் ஊதிப் பிளந்து வெறும் மரத்தூளாகிவிடும். முதல் ஆண்டு ஒரு குவளை நீரில் பத்துக் குச்சிகளைப் போட்டுப் பார்த்தேன். கஞ்சிபோல் ஆயிற்று. தாயார் சொன்னது எவ்வளவு உண்மை என்று வியந்தேன்.

பழைய எண்ணெய்த் தொட்டி நின்ற நிலவறையே இப்போது பெல்லட் அறை. இரண்டு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் நீளம். இரு பக்கமும் சரிவாகப் பலகை அடித்து, நடுவே ஓடும் திருகுத் தண்டின்மேல் குச்சிகள் தாமாகச் சரிந்து விழும்படி செய்திருந்தார்கள். சுவரில் வெளிப்புறம் நோக்கி இரண்டு குழாய் வாய்கள் உண்டு. பார வண்டி வந்து நின்று, நீண்ட குழாயை ஒரு வாயில் மாட்டிக் காற்றின் விசையால் பெல்லட்டை உள்ளே ஊதும். மற்றொரு வாய் வழியாகப் புழுதிக் காற்றை உறிஞ்சும். எதிர்ச்சுவரில் மோதி நொறுங்காதிருக்க ஒரு ரப்பர் விரிப்புத் தொங்கும். கதவைத் திறந்தால் எல்லாம் கொட்டிவிடாதபடி உட்புறம் குறுக்குப் பலகைகள். ஆறு டன் கொள்ளும். ஆண்டுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும்.

2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டது. ரஷ்யாவிலிருந்தும் பெலாரசிலிருந்தும் மரப்பொருள் வருவது நின்றது. எரிவாயு கிடைக்குமோ என்ற அச்சத்தில் ஊரே பெல்லட்டைத் தேடி ஓடிற்று. விலை இரு மடங்கையும் தாண்டியது. அவ்வாண்டு ஜூலை 31-ஆம் நாள் ஞாயிறு நற்செய்தி, களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த அறிவற்ற செல்வனைப் பற்றியது. மனம் உருகப் பிரசங்கம் செய்தேன். மறுநாள் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தொலைபேசியை எடுத்து, அறை கொள்ளுமட்டும் நிரப்பித் தரவேண்டும் என்று கேட்டேன். இதை நான் எவரிடமும் சொன்னதில்லை, இன்று எழுதிவிட்டேன்.

வண்டி வந்தது டிசம்பர் இரண்டாம் வாரம்தான். வருவதற்குமுன் அறையைக் காலிசெய்து, அடியில் படிந்த புழுதியை அள்ளிவிட வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் அப்படிச் செய்யாவிட்டால் தூள் இறுகித் திருகுத் தண்டை அடைத்துவிடும். ஆனால் எஞ்சியிருந்த அரை டன்னை வெளியே எடுக்க எனக்கு மனம் வரவில்லை. பழையதின்மேல் புதியதைக் கொட்டச் செய்தேன். வண்டி போனபின் பார்த்தால், குழாய் வாய்களின் மூடிகளில் சிறு துளைகள்! குளிர்காற்றும் பனியீரமும் அவ்வழியே உள்ளே போகுமே என்று பதறினேன். தடித்த பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கயிற்றால் இறுகக் கட்டினேன். தாயார் கண்டிருந்தால் மெச்சியிருப்பார்.

ஜனவரி நடுவில் ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்குக் குளிரில் விழித்தேன். கொதிகலன் நின்றிருந்தது. எரிபொருள் வரவில்லை என்று அதன் சிறு திரை சொல்லிற்று. அறை நிறைய ஐந்து டன்னுக்கு மேல் கிடக்க, எரிபொருள் இல்லையாம். அடியில் தூள் இறுகி, மேலே குச்சிகள் பாலம்போல் நின்றுவிட்டன என்று எனக்கு விளங்கிற்று. நீண்ட கழி ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கதவருகே சென்றதும் ஒரு வாடை. காறிப்போன எண்ணெயின் வாடை. அப்போதுதான் என் தந்தையார் நினைவுக்கு வந்தார்.

1979-ஆம் ஆண்டு, எனக்குப் பதினோரு வயது. கோடையில், நெடுநாள் புழங்காமல் கிடந்த கிணறு ஒன்றைத் தூர் வார எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இறங்கினார். அடி சேர்ந்ததும் சாய்ந்துவிட்டார். மேலே நின்ற என் சித்தப்பா ஒரு கணமும் தாமதிக்கவில்லை. கயிற்றைப் பற்றி இறங்கினார். அவரும் சாய்ந்தார். அடுத்து என் தந்தையார் இறங்க முனைந்தபோது நால்வர் அவரைப் பிடித்துத் தரையோடு அழுத்திக்கொண்டார்கள். அவர் கூக்குரல் இன்றும் என் காதில் இருக்கிறது. இரண்டு உடல்களையும் மாலையில் எடுத்தார்கள். அதன்பின் எந்தக் கிணற்றில் எவர் இறங்கினாலும், எரியும் அரிக்கேன் விளக்கை முதலில் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது தந்தையாரின் வழக்கமாயிற்று. விளக்கு அணைந்தால் இறங்கக் கூடாது, எரிந்தால் இறங்கலாம். தம்பியை விட்டுவிட்டு மேலே நின்றவன் என்ற வெட்கம் அவரை இறுதிவரை விடவில்லை.

எனவே நான் மேலே சென்று மெழுகுதிரி ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்தேன். கதவைத் திறந்து திரியை உள்ளே நீட்டிப் பார்ப்பது. எரிந்தால் பலகைகளைத் தாண்டி இறங்குவது. கை தாழ்ப்பாளில் இருக்கும்போது பின்னாலிருந்து ஒருவர் என் தோளைப் பற்றினார். கோவில்பிள்ளை. எழுபது வயதானவர், இளமையில் காட்டில் மரம் வெட்டியவர், நாற்பது ஆண்டுகள் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படையில் இருந்தவர். திருப்பலிக்குக் கதவு திறக்க வந்தவர், நிலவறையில் வெளிச்சம் கண்டு இறங்கியிருக்கிறார். ஒன்றும் பேசாமல் முதலில் மெழுகுதிரியை ஊதி அணைத்தார். பிறகு என் கையைப் பிடித்துப் படியேற்றி முற்றத்திற்குக் கொண்டுபோனார். எனக்குச் சினம் வந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

“அந்தப் புழுதியில் தீயைக் காட்டினால் அறையே வெடிக்கும், பங்குத்தந்தையே. தீ பற்றாவிட்டாலும் உங்கள் திரி உங்களிடம் பொய்தான் சொல்லும்” என்றார்.

அவர் அன்றும் பின்னரும் விளக்கியதை, நான் தேடிப் படித்தவற்றோடு சேர்த்துச் சொல்கிறேன். மரத்தில், சிறப்பாகப் பைன் மரத்தில், கொழுப்பு அமிலங்களும் பிசினும் உண்டு. தூளாக்கி அழுத்தியபின் அவை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடிக் காறத் தொடங்குகின்றன. நம் வீட்டில் நல்லெண்ணெய் காறுவதும் இதே வினைதான். எண்ணெய்க் கிண்ணத்தில் வாடையோடு போய்விடும். டன் கணக்கில் அடைத்த அறையிலோ, அவ்வினை கார்பன் மோனாக்சைடு என்னும் நிறமும் மணமும் அற்ற நச்சு வாயுவைச் சேர்த்துவிடுகிறது. பெல்லட் புதிதாக இருக்கும் முதல் சில வாரங்களில் இது மிகுதி. இரத்தத்தின் சிவப்பணுக்கள் ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கு மேல் இவ்வாயுவையே இறுகப் பற்றிக்கொள்ளும். காற்றில் நூற்றுக்கு ஒரு பங்கு இருந்தாலே சில நிமிடங்களில் மனிதர் விழுந்துவிடுவார். மெழுகுதிரியோ அந்த ஒரு பங்கில் வாடாமல் எரியும். கிணற்றில் விளக்கை அணைப்பது வேறு காற்று. என் தந்தையாரின் அறிவு பிழையன்று. நான் அதை வேறொரு வாசலுக்குக் கொண்டுபோனேன்.

2002-இல் ராட்டர்டாம் துறைமுகத்தில் பெல்லட் ஏற்றிவந்த கப்பலில் ஒருவர் இறந்தார். 2006-இல் சுவீடனின் ஹெல்சிங்போரி துறைமுகத்தில் இறந்த மாலுமி சரக்கறைக்குள்கூட இறங்கவில்லை. அதை ஒட்டிய படிக்கட்டில்தான் விழுந்தார். 2011-இல் சுவிட்சர்லாந்தில் பல வீடுகளுக்குப் பொதுவான பெல்லட் அறை ஒன்றில் கருவுற்ற பெண் ஒருவர் மாண்டார். இவற்றுக்குப் பின்னரே வீட்டுச் சேமிப்பறைகளுக்கென விதிகள் இறுகின. 2018-இல் பன்னாட்டுத் தர அமைப்பு தனி நெறிமுறையே வகுத்தது. மூடிகளில் துளை வைப்பதும் அவ்விதிகளில் ஒன்று. அவ்வறை மூச்சுவிட வேண்டும். என் தாயாரின் பாடத்தில் அது இல்லை. திறந்த திண்ணையில் அடுக்கிய விறகுக்கு அது தேவைப்படவும் இல்லை.

கோவில்பிள்ளை வெளிச்சுவரைச் சுற்றிவந்தார். நான் கட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக் கண்டார். கத்தியால் அறுத்தார். “யார் கட்டியது?” என்று அவர் கேட்கவே இல்லை. தீயணைப்பு நிலையத்திலிருந்து வாயு அளக்கும் சிறு கருவியைக் கொண்டுவந்து, கதவைச் சற்றே திறந்து நீட்டினார். அது அலறிற்று. அன்று காலைத் திருப்பலியில் என் கைகள் நடுங்கியதைக் குளிரின் நடுக்கம் என்று மக்கள் எண்ணியிருப்பார்கள்.

கொதிகலனின் மின்சாரத்தை நிறுத்தி, கதவையும் சாளரங்களையும் திறந்துவைத்து, பிற்பகல்வரை காத்திருந்தோம். கருவி ஊமையானது. தவறு என்னுடையது ஆதலால் நானே இறங்குவேன் என்றேன். அவர் ஒப்பினார். முகத்துக்குத் துணி கட்டினார். கருவியை என் சட்டையில் மாட்டினார். தாம் கதவுக்கு வெளியே, கையில் தொலைபேசியோடு நின்றார்.

“நான் உள்ளே விழுந்தால்?” என்று கேட்டேன்.

“122-ஐ அழைப்பேன். மூச்சுக்கருவியோடு ஆட்கள் பத்து நிமிடத்தில் வருவார்கள்.”

“நீங்கள் உள்ளே வரமாட்டீர்களா?”

“வரமாட்டேன், பங்குத்தந்தையே.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் கோழைத்தனமும் இல்லை, கடுமையும் இல்லை. குருமடத்தில் தியாகத்தைப் பற்றிப் படித்திருக்கிறேன், தேர்வும் எழுதியிருக்கிறேன். பிறருக்காக உயிரைக் கொடுப்பதை விளக்க என் சித்தப்பாவை எத்தனையோ முறை பீடத்தில் நிறுத்தியிருக்கிறேன். என் தந்தையாரைப் பற்றி ஒருமுறைகூடப் பேசியதில்லை. பேச என்ன இருக்கிறது, அவர் மேலே நின்றவர்தானே என்று நினைத்திருந்தேன். கழியால் அந்தப் பாலத்தை இடித்துக்கொண்டிருந்த கால்மணி நேரமும், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வாசலிலிருந்து அவர் என்னை அழைத்துக்கொண்டே இருந்தார். நானும் மறுமொழி சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அக்கோடையில் தாயகம் திரும்பினேன். இப்போது நான் இருக்கும் பங்கு இல்லத்தில் எரிவாயு உருளைதான். ஊருக்குப் போனபோது சித்தியிடம் இக்கதையைச் சொன்னேன். அவருக்கு எண்பதை நெருங்கும் வயது. நான் குருவானவன் ஆனதிலிருந்து என்னைச் சாமி என்றே அழைப்பார். முறத்தில் புளி ஆய்ந்துகொண்டே கேட்டார்.

“அந்த மனுசர் வெளியேதான் நின்னாரா சாமி?”

“ஆமாம் சித்தி.”

சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “உங்கப்பாவைப் பிடிச்சு வச்ச மாதிரி, அன்னைக்கு அவரையும் யாராவது பிடிச்சிருக்கலாம்” என்றார்.

என் பிரசங்கங்களைக் கோவிலின் இரண்டாம் வரிசையில் அமர்ந்து கேட்டவர் அவர். நான் தலைகுனிந்திருந்தேன். புளியங்கொட்டைகளை ஒதுக்கிவிட்டு, “அவருக்குக் கடுதாசி போட்டா, நான் விசாரிச்சதா எழுதுங்க” என்றார்.

அவ்வாரமே எழுதினேன். ஜெர்மன் மொழியில் அத்தைக்கும் பெரியம்மாவுக்கும் சித்திக்கும் ஒரே சொல்தான். ஆகவே, கிணற்றில் இறங்கியவரின் மனைவி உங்களை விசாரித்தார் என்று எழுதினேன்.