கிணற்றடிப் பொடுதலை

ஜூன் 22

வாய்க்காலில் தண்ணீர் வந்து மூன்று நாளாகிறது. படித்துறைக்குப் பக்கத்தில் பொடுதலை பச்சையாய்ப் படர்ந்து கிடக்கிறது. அடுத்த மாதம் இந்தக் கரைக்குச் சிமெண்ட் பூசப்போகிறார்களாம். கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. கணுவில் வேர் விட்ட கொடியாகப் பார்த்து ஒரு கைப்பிடி கிள்ளி, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தேன்.

போன வருஷம் மாடித் தொட்டியில் வைத்தது தப்பு. சாகவில்லை, இலை சிறுத்துச் செம்பழுப்பாகி, ஒரு பூக்கூட வைக்கவில்லை. இந்த முறை கிணற்றடியில், வாளித் தண்ணீர் சிந்தி வடியும் பள்ளத்தில் நட்டேன்.

ஜூலை 9

பிடித்துக்கொண்டது. மண்ணைத் தொட்ட கணுவெல்லாம் வேர். பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்து, "ஏம்ப்பா, கரையில கெடக்கிற களையைக் கொண்டாந்தா நடுவ?" என்றார். பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சவும் துவையல் அரைக்கவும் இதே செடியைத்தானே அவரும் பறித்துவரச் சொல்வார்!

ஜூலை 30

பூத்துவிட்டது. இலைக்கணுவிலிருந்து நீண்ட காம்பு. நுனியில் கருஞ்சிவப்பாய், தீக்குச்சித் தலை போல ஒரு குமிழ். அதைச் சுற்றி மோதிரம் போட்டதுபோல் வெள்ளைப் பூக்கள். ஒவ்வொன்றும் அரை நெல் அளவுகூட இல்லை. தொண்டையில் மஞ்சள், வயதாக ஆக இளஞ்சிவப்பு. அடிப்பூ உதிர உதிர மோதிரம் மேலே ஏறுகிறது, குமிழும் நீள்கிறது. குனிந்து பார்க்காமல் இந்த அழகு கிடைக்காது. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு வைத்த 'நோடிஃப்ளோரா' என்ற பெயருக்குக் கணுவில் பூப்பது என்று பொருள். செடியைச் சரியாகப் பார்த்து வைத்த பெயர்.

ஆகஸ்ட் 17

இலைகளில் ஓட்டை. கறுத்த புழுக்கள், உடம்பெல்லாம் கிளைத்த முள். மருந்து எதுவும் அடிக்கவில்லை. மயில்கண் புள்ளி போட்ட ஆரஞ்சு வண்ணத்துப்பூச்சியின் பிள்ளைகள் இவை. பொடுதலையும் நீர்முள்ளியும் இவற்றுக்குச் சோறு.

செப்டம்பர் 2

காலையில் ஒரு கூடு திறந்தது. சிறகு உலரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் படித்துறைக்குப் போனேன். கரை முழுக்கச் சிமெண்ட். உங்கள் ஊர் வாய்க்காலுக்கும் இந்த வேலை வருமுன், வேரோடு நான்கு கணு கிள்ளிவந்து வீட்டில் ஈரம் காயாத இடத்தில் ஊன்றிவிடுங்கள்.