டிகாக்‌ஷனுக்கு ஒரு சல்லடை

ஃபில்டர் சொட்டவில்லை என்றால் அதன் தலையில் தட்டாதீர்கள் சார், பாவம்! குற்றம் பொடியில். மாவாக இருந்தால் அடைப்பு. ரவையாக இருந்தால் வெந்நீர் சரசரவென்று இறங்கி, கழுநீர்தான் மிச்சம்.

நான் இரண்டு சல்லடை வைத்திருக்கிறேன். 20-ஆம் நம்பருக்குக் கண் 0.85 மில்லிமீட்டர், 40-க்கு அதில் சரிபாதி. சிக்கரி கலக்காத பொடி 100 கிராம் போட்டு (சிக்கரி ஈரம் இழுத்துக் கட்டி தட்டும்), இரண்டு நிமிஷம் ஆட்டி, தங்கியதையும் விழுந்ததையும் தனித்தனியே நிறுப்பேன். 40-ஐயும் தாண்டிப் பாதிக்கு மேல் விழுந்தால் என் ஃபில்டர் மூச்சு விடாது.

"ஆபீஸ் ஃபைலை ஒருநாளாவது இப்படிப் பார்த்திருக்கீங்களா?" என்கிறாள் மனைவி.

பொடிக்கடைக்காரரிடம் கணக்கைக் காட்டினேன். சிரித்தார், ஆனால் மெஷின் திருகைக் கால் சுற்று தளர்த்தினார்.

நாளைக் காலை அப்பா வருகிறார். கும்பகோணத்து நாக்கு. நன்றாயிருக்கு என்று சொல்லவே மாட்டார். இரண்டாவது டம்ளர் கேட்கிறாரா, பார்க்கணும்.