பத்துக்குப் பத்து அறையில் ஒரு கஞ்சிரா

கணக்குப் பாடம் படிக்கிறவனுக்குக் கஞ்சிரா எதற்கு என்று வகுப்பில் கேட்கிறார்கள். கொல்லிமலையில் எங்கள் ஊர் மார்கழி பஜனையில் ஒட்டிக்கொண்ட பழக்கம், விடவில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தாலேயே போன வருடம் என் அறை நண்பனின் தொண்டையைக் கெடுத்துவிட்டேன். அந்தக் கதைதான் இது.

நாமக்கல்லில் நாங்கள் இருவரும் சேர்ந்து எடுத்திருப்பது பத்துக்குப் பத்து அடி அறை. சிமென்ட் சுவர், சிமென்ட் தரை, ஒரு ஜன்னல். அவன் பாடுவான், நான் வாசிப்பேன். கல்லூரி விழாவுக்காகத் தினமும் ராத்திரி ஒரு மணி நேரம் பயிற்சி. "டேய், கொஞ்சம் மெதுவா வாசிடா, கத்தித்தான் பாட வேண்டியிருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நான் சிரித்துக்கொண்டே வாசித்தேன். விழாவுக்கு இரண்டு நாள் முன்பு அவனுக்குக் குரல் கட்டிவிட்டது. மேடை ஏறவே இல்லை. என்னைத் திட்டவும் இல்லை, அதுதான் உறுத்தல்.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். மலையில் மார்கழிப் பனிக்குத் தோல் தொய்ந்துவிடும். நெருப்பில் காட்டினாலும் கொஞ்ச நேரம்தான். அதனால் ஓங்கித் தட்டியே கை பழகிவிட்டது. தெருவில் நடந்துகொண்டு வாசிப்பதால் சத்தம் காற்றோடு போய்விடும். வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். அறையில் அப்படி இல்லை. எதிர்ச்சுவரில் பட்டு ஒரு நொடியில் 50-ல் ஒரு பங்கு நேரத்துக்குள் திரும்பி வந்து, முதல் சத்தத்தோடு சேர்ந்துகொள்ளும். நாமக்கல் வெயிலுக்குத் தோலும் விறைப்பாகிவிடும். 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்தேனே தவிர, என் கை மலையிலேயே இருந்தது!

பிறகு செய்த மாற்றங்கள்:

தோலின் உள்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தடவினேன். கச்சேரிக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். சுருதி இறங்கி, காதைக் குத்தும் சத்தம் குறையும். மணிக்கட்டை வீசாமல், விரலைத் தோலுக்கு ஓர் அங்குல உயரத்திலேயே வைத்துத் தட்டினேன். சில்லுச் சலங்கைக்கு நடுவே ஒரு துண்டுத் துணி. மூலையில் உட்காருவதை விட்டேன், அங்கே 'தும்' சத்தம் பெருகும். சுவரில் போர்வை தொங்கவிட்டது சலங்கைச் சத்தத்துக்குத்தான் உதவியது, 'தும்'முக்கு உதவவில்லை.

கஷ்டமான விஷயம் வேறு. வேகம் கூடினால் சத்தமும் தானாகக் கூடுகிறது. மெதுவாகவும் வேகமாகவும் ஒரே சமயத்தில் வாசிக்க எனக்கு நாலு மாதம் பிடித்தது. செல்போனை அவன் உட்காரும் இடத்தில் வைத்துப் பதிவு செய்து கேட்டேன். முதல் பதிவில் பாட்டே இல்லை, நான் மட்டும்தான் இருந்தேன். வெட்கமாகிவிட்டது. பிளஸ் ஒன்னில் படித்த 'குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி' தட்டுக்கும் பொருந்தும் போல.

பாலக்காடு மணி ஐயர் (1912–1981) 1960களில் மைக்கே வேண்டாம் என்று நின்றவர். முதலில் படித்தபோது, மைக் இல்லாமலே அவ்வளவு சத்தமாக வாசிப்பாரோ என்று நினைத்தேன். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. மைக் இல்லாத மேடையில் பாடகர் குரல் எவ்வளவோ, அதற்குள்தான் மிருதங்கமும் நிற்க வேண்டும். அளவு கையில் இருக்க வேண்டும், மைக்காரர் கையில் அல்ல.

இந்த வருட விழாவுக்குப் பயிற்சி ஆரம்பித்துவிட்டோம். நேற்று அவன் கத்தாமல் பாடினான். ஒரு வருடமாக நான் வாசித்துக்கொண்டிருந்த பாட்டின் இரண்டாவது சரணத்தில் என்ன வார்த்தை வருகிறது என்று நேற்றுதான் எனக்குத் தெரிந்தது. நல்ல பாட்டுதான்.