பூமிக்குள்ளே காற்று

திங்கள்

காரைக்குடியிலிருந்து இரவோடு இரவாக ஆம்புலன்ஸ். விடிந்தபோது ஆச்சியின் கணவர் சென்னை சென்ட்ரல் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தார். நிமோனியா. ஆச்சி தங்குவதற்கு ஷெனாய் நகரில் தங்கை வீடு.

செவ்வாய்

“மெட்ரோவுல போயிரலாம் ஆச்சி, அஞ்சாவது ஸ்டேஷன் சென்ட்ரல்” என்றார் தங்கை. ஊர் வீட்டில் வளவில் உட்கார்ந்தால் முற்றத்து ஆகாயம் தெரியும். இங்கே நிலையத்துக்குள் இறங்க இறங்க அது மறைந்தது. “இவ்வளவு ஆழத்துக்குக் காத்து எப்படிப்பா வரும்?” தங்கையின் பேரனைக் கேட்டார் ஆச்சி.

மேலேயிருந்து குழாய்வழியே பெரிய விசிறிகள் காற்றை இழுத்து அனுப்புகின்றன. உள்ளிருக்கும் கெட்ட காற்றை வேறு வழியாக வெளியே தள்ளுகின்றன. நடைமேடை ஓரத்துக் கண்ணாடிக் கதவுகள் ரயில் வந்து நின்ற பிறகுதான் திறக்கும். சுரங்கத்தின் சூடு இந்தப் பக்கம் வராது. பேரன் பொறுமையாகச் சொன்னான். ஆச்சிக்கு மனம் ஆறவில்லை.

வியாழன்

பேரன் இன்று உலகக் கதை சொன்னான். 1863-இல் லண்டனில் முதல் சுரங்க ரயில் ஓடியபோது இழுத்தது நீராவி எஞ்சின். சுரங்கம் முழுக்கக் கரிப்புகை. அதற்குள்ளும் ஜனங்கள் போய்வந்தார்கள். இந்தியாவில் முதலில் கல்கத்தா, 1984. சென்னையில் திருமங்கலம் முதல் நேரு பூங்கா வரை 2017 மே மாதம். சென்ட்ரல் வரை அடுத்த ஆண்டு.

ஆச்சி நிலையக் காவலாளியிடம் போய் நின்றார். “கரண்டு போனா?”

“ஜெனரேட்டர் இருக்கும்மா. பயப்படாதீங்க.”

வார்டுக்குள் நுழைந்ததும் நர்ஸிடமும் அதையே கேட்டார். “கரண்டு போனா?”

ஞாயிறு

கணவருக்குக் காய்ச்சல் திரும்ப வந்துவிட்டது.

புதன்

தங்கை வற்புறுத்தித் திரு.வி.க. பூங்காவுக்கு அழைத்துப்போனார். இதன் அடியில்தான் ஷெனாய் நகர் நிலையம். அதைக் கட்டப் பழைய மரங்கள் பல போயின. பல ஆண்டு மூடிக்கிடந்த பூங்கா 2023-இல் திறந்தது. பிள்ளைகள் ஓடி விளையாடினார்கள். ஆச்சிக்குக் கோபம் வந்தது, எதன் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. மூச்சு வாங்க வேகமாக ஒரு சுற்று நடந்தார்.

சனி

ஆக்சிஜனைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள். எஸ்கலேட்டரில் இறங்கியபோது ஆச்சி தங்கையிடம் கேட்டது வேறு: “ஊருக்குப் போற ரயில் எத்தனை மணிக்கு?” வீட்டுக்கு எப்போது என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. காரைக்குடி போகும் பல்லவன் எழும்பூரிலிருந்து பிற்பகலில் புறப்படுகிறது. மெட்ரோவில் சென்ட்ரலுக்கு அடுத்த நிலையம் எழும்பூர்.