கை தூக்கிய கணக்கு

எங்கள் ஊர் வாசகசாலையின் ஆண்டு விழாவை எந்த நாளில் நடத்துவது என்று ஒரு சமயம் கமிட்டி கூடிப் பேசினோம். பதினோரு பேர் ஒரு நாளைச் சொன்னோம். மற்ற இருவரும், "அது நோன்பு மாதம் அல்லவா? பகல் விருந்துக்கு நாங்கள் எப்படி வருவது?" என்றார்கள். கை தூக்கிப் பார்த்தோம். பதினொன்றுக்கு இரண்டு. ஜெயித்துவிட்டோம். விழாவும் ஜோராக நடந்தது. ஆனால் அந்த இருவரும் அப்புறம் வாசகசாலைப் படி ஏறவேயில்லை.

தூக்கிய கைகளில் என் கையும் ஒன்று. அது நினைவுக்கு வரும்போதெல்லாம் பத்ருத்தீன் தயாப்ஜியின் நினைவும் கூடவே வருகிறது.

பம்பாயின் முதல் இந்திய பாரிஸ்டர் அவர். 1867-ல் சீமையில் சட்டம் படித்துத் திரும்பியவர். தம் சமூகத்துப் பிள்ளைகள் படிப்பில் பின்தங்கி நிற்பதைக் கண்டு, அஞ்சுமன்-இ-இஸ்லாம் என்ற சங்கத்தை நிறுவிப் பள்ளிக்கூடம் நடத்தப் பாடுபட்டார். அதே மனிதர்தான் 1887 டிசம்பரில் நம் சென்னைக்கு வந்து, ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மக்கீஸ் தோட்டத்தில் கூடிய மூன்றாவது காங்கிரஸுக்குத் தலைமை வகித்தார். வந்திருந்த பிரதிநிதிகள் 607 பேர். சொந்தச் சமூகத்துக்கு உழைப்பதும் எல்லோருடனும் சேர்ந்து உழைப்பதும் அவருக்கு இரண்டு வேலைகளாகத் தோன்றவில்லை.

ஆனால் சென்னையில் காங்கிரஸ் கூடியிருந்த அதே நாட்களில், லட்சுமணபுரியில் சர் சையது அகமது கான் முஸ்லிம்கள் அதில் சேரக்கூடாது என்று பேசிக்கொண்டிருந்தார். எண்ணிக்கையில் பெரியவர்கள் சிறியவர்களை விழுங்கிவிடுவார்கள் என்பது அவருடைய அச்சம். பிறகு இருவருக்கும் கடிதப் போக்குவரத்து நடந்தது.

இந்த இடத்தில் என்னைப் போன்ற கதைக்காரன் என்ன செய்திருப்பான்? சகோதர பாசத்தைப் பற்றி உருக்கமாக இரண்டு பக்கம் எழுதியிருப்பான். தயாப்ஜி வக்கீல். பயப்படுகிறவனிடம் "பயப்படாதே" என்று சொல்வதில் பயனில்லை, அவன் கையில் ஒரு பிடிமானத்தைக் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு சமூகத்துப் பிரதிநிதிகள் ஏறக்குறைய ஒருமனதாக எதிர்க்கும் விஷயத்தைக் காங்கிரஸ் எடுத்துக்கொள்ளக்கூடாது என்று வற்புறுத்தினார். 1888-ல் அலகாபாத் காங்கிரஸ் அதையே தீர்மானமாக ஏற்றது. இந்துக்களோ முஸ்லிம்களோ அப்படி எதிர்த்தால், விஷயாலோசனைக் கமிட்டி அதை விவாதத்துக்கு விடாது. தனி ஒருவர் முரண்டு பிடித்து வேலையைக் கெடுக்க முடியாது. காங்கிரஸ் ஏற்கெனவே முடிவு கட்டிய விஷயங்களையும் கிளற முடியாது. வக்கீலின் பேனா எவ்வளவு ஜாக்கிரதையாக ஓடியிருக்கிறது, பாருங்கள்!

ஆனால் அந்தத் தீர்மானம் வருவதற்கு முன்பே அவர் மனம் நிம்மதி இழந்திருந்தது. அந்த வருஷமே அக்டோபரில் ஹியூமுக்கு எழுதிய கடிதத்தில், காங்கிரஸை ஐந்து ஆண்டுகளாவது ஒத்திவைத்தால் என்ன என்று கேட்டார். தம் சமூகத்தில் பெரும்பாலோர் விலகி நிற்கும்போது அதைத் தேச மகாசபை என்று அழைக்க அவர் மனம் கூசியிருக்க வேண்டும். காங்கிரஸ் நிற்கவில்லை. 1895-ல் அவர் பம்பாய் ஹைகோர்ட் நீதிபதியானார். இரண்டு வருஷம் கழித்து, ராஜத்துவேஷ வழக்கில் சிக்கிய திலகருக்கு முன்பு மறுக்கப்பட்டிருந்த ஜாமீனைக் கொடுத்தவர் இவர்தான். நீதிபதி முஸ்லிம், கைதி சித்பவன பிராமணர் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

அவருடைய விதி பின்னால் வந்த பிளவுகளைத் தடுத்துவிடவில்லை என்று சொல்லலாம். உண்மைதான். குடை பிடித்தவன் மழையை நிறுத்துவதில்லை. அதற்காகக் குடை வீண் என்று யாரும் சொல்வதும் இல்லை.

சென்ற மாதம் அந்த இருவரில் ஒருவரைக் கடைத்தெருவில் பார்த்தேன்.

"என்ன பாய், வாசகசாலைப் பக்கமே காணோமே?" என்றேன்.

"அங்கேதான் நீங்கள் பதினோரு பேர் இருக்கிறீர்களே!" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

என்னால் சிரிக்க முடியவில்லை.