வாத்தியாரின் கட்டைவிரல்

ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை என்றால் ஆட்டுச் சந்தை. பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்த்தான்கொல்லை என்று மேலே ஜவ்வாது மலையிலிருந்தும் ஆட்கள் இறங்கி வருவார்கள். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, சந்தை கலைந்த நேரத்தில், பள்ளிக்கூடத்தில் எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த வாத்தியாரை டீக்கடையில் பார்த்தேன்.

"உத்திரகாவேரி ஆத்தப் பத்தி நீ எழுதினத பேத்தி அனுப்பியிருக்குது தம்பி. பாதி படிச்சேன். இரு, மீதியயும் முடிச்சிடறேன்" என்று சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். திரை முழுக்கப் பச்சை இலைகளின் படம். அதன் மேல் வெளிர் சாம்பல் நிறத்தில் என் எழுத்து. அவர் இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினார். எழுத்து பெரிதானதும் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விட்டது. கட்டைவிரலால் இடப்பக்கம் தள்ளி வரியை முடித்தார். அடுத்த வரிக்கு மறுபடி வலப்பக்கம் இழுத்தார். எந்த வரியில் விட்டோம் என்று தெரியாமல் படித்த வரியையே திரும்பப் படித்தார். நான்கைந்து வரி போவதற்குள் "எங்களைப் பின்தொடருங்கள்" என்று ஒரு பெட்டி வந்து எழுத்தை மறைத்தது. அதை மூடப் போன விரல் வேறெங்கோ பட்டு, பக்கமே மாறிப்போனது.

"கண்ணு நோவுதுப்பா. வூட்டுக்குப் போய் கண்ணாடி மாத்திகினு படிக்கிறேன்" என்று போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவர் தன் கண்ணைக் குறை சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த இலைப் படத்தை வைத்தது நான். அந்தச் சாம்பல் நிறத்தைத் தேர்ந்தெடுத்ததும் நான். எட்டு வருஷமாக வலைப்பூ எழுதுகிறேன். ஒரு சொல்லுக்காக அரை மணி நேரம் யோசித்திருக்கிறேன். அந்தச் சொல் படிப்பவர் கண்ணில் எப்படி விழுகிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் என் வீட்டு மேசையில் இருந்த பெரிய கணினித் திரையில்தான்.

அன்று இரவு யோசித்தபோது, தமிழ் எழுத்தின் கதையே இந்தச் சிரமத்தைக் குறைத்த கதைதான் என்று பட்டது. ஓலைச் சுவடியில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. ஓலை கிழிந்துவிடும் என்று புள்ளியும் பெரும்பாலும் வைக்கமாட்டார்கள். எகரமா ஏகாரமா என்பதைப் படிப்பவரே இடம் பார்த்து ஊகிக்க வேண்டும். குரு பக்கத்தில் இருந்தால்தான் படிப்பு. வீரமாமுனிவர் எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு தெரியும்படி வடிவம் தந்தார். ஊகிக்கிற வேலை குறைந்தது. தரங்கம்பாடி அச்சகத்துக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியவை. காகிதமோ கொஞ்சம். அதனால் அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்து 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள்.

1950களில் மர்ரே கம்பெனி எஸ். ராஜம் பழந்தமிழ் நூல்களைச் சந்தி பிரித்து மலிவு விலையில் வெளியிட்டார். பாட்டின் ஒரு சொல்லையும் அவர் மாற்றவில்லை. சொற்களுக்கு நடுவே இடம் விட்டார், நிறுத்தக்குறி போட்டார். பண்டிதரிடம் போகாமலே ஒருவர் சங்கப் பாட்டைப் படித்துப் பார்க்கலாம் என்ற நிலை அதனால் வந்தது. பிறகு 1978இல் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தம் அரசாணை ஆனது. ணா, றா, னா, லை, ளை முதலான 13 எழுத்துகள் மற்ற எழுத்துகளைப் போலவே வடிவம் பெற்றன. தட்டச்சுக்கும் அச்சுக்கோப்புக்கும் எளிது. எழுத்துப் பழகும் பிள்ளைக்கும் எளிது.

படிப்பவர் சுமந்த பாரத்தில் ஒரு பங்கை ஒவ்வொரு தலைமுறையிலும் யாராவது தன் தோளுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். பக்க வடிவமைப்பு என்பதற்கு எனக்குத் தெரிந்த பொருள் இதுதான். தரங்கம்பாடிக்காரர்கள் காகிதம் இல்லாமல் எழுத்தைச் சிறிதாக்கினார்கள். திரையில் இடத்துக்கு ஏது பஞ்சம்? நான் எதற்காக எழுத்தைச் சுருக்கி வைத்திருந்தேன்?

மறுநாளே வேலையைத் தொடங்கினேன். முதலில் இலைப் படத்தை எடுத்தேன். வெள்ளைப் பின்புலம், கறுப்பு எழுத்து; எழுத்தின் அளவையும் பெரிதாக்கினேன். எழுத்துக்கும் பின்புலத்துக்கும் உள்ள ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்று உலக இணையத் தர அமைப்பு வகுத்திருக்கிறது. என் சாம்பல் எழுத்து அந்த அளவைத் தொடவே இல்லை. வெயிலில், பஸ் ஸ்டாண்டில் நின்று படிப்பவருக்கு இந்த வேறுபாடு இன்னும் அதிகம் வேண்டும்.

அடுத்து வரிகளுக்கு நடுவே உள்ள இடம். ஆங்கிலத்துக்கு என்று அமைத்த அளவு தமிழுக்குப் போதாது. நம் எழுத்துக்கு மேலே புள்ளியும் மேல்விலங்கும் உண்டு; கீழே 'ழு', 'ரு', 'ஞ' இறங்கும். வரிகள் நெருங்கினால் மேல் வரியின் வாலும் கீழ் வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளும். எழுத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் சற்றுக் கூடுதலாக வரி இடைவெளி வைத்தபோதுதான் பக்கம் மூச்சு விட்டது.

இரண்டு ஓரமும் நேர்க்கோடாக நிற்கும்படி வரிகளை அமைத்திருந்தேன். அச்சுப் புத்தகத்தில் அது அழகு. ஆனால் தமிழில் 'எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று ஒரு சொல்லே போன் திரையின் ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சொல் கீழே இறங்கியதும், மேல் வரியில் மிஞ்சிய இரண்டு சொல்லும் ஆளுக்கொரு ஓரத்தில் நிற்கும். நடுவே பெரிய ஓட்டை. இடப்பக்கம் மட்டும் நேராக நிறுத்தி, வலப்பக்கத்தை அதன் போக்கில் விட்டேன். ஓட்டைகள் மறைந்தன.

அலங்கார எழுத்துருவையும் எடுத்துவிட்டேன். நோட்டோ, முக்தா மலர், மீரா இனிமை என்று நல்ல தமிழ் எழுத்துருக்கள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனாலும் எழுத்துரு எதையும் தனியாக இறக்க வைக்காமல், படிப்பவர் போனில் ஏற்கெனவே இருக்கும் எழுத்துருவிலேயே என் பக்கம் திறக்கும்படி விட்டேன். இந்த முடிவுக்கு மலையிலிருந்து வரும் ஒரு மாணவிதான் காரணம்.

மேலே பல ஊர்களில் சிக்னல் கிடைப்பது அரிது. அந்தப் பெண் கீழே படிக்க வரும்போது பஸ் ஸ்டாண்டில் நின்று பக்கத்தைத் திறந்து, அப்படியே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படிக்குமாம். "அண்ணா, உங்க பக்கம் பஸ் கிளம்பறதுக்குள்ள முழுசா வராது. படத்துக்குப் பதிலா வெறும் கட்டம்தான் நிக்கும்" என்றது. யூனிகோடில் ஒரு தமிழ்க் குறியீடு சேமிப்பில் பொதுவாக 3 பைட் பிடிக்கும். ஆயிரம் சொல் கட்டுரை என்றாலும் சுமார் 30 கிலோபைட்டில் முடிந்துவிடும். நான் போனில் எடுத்து அப்படியே ஏற்றிய ஒரு சாமைக் கொல்லைப் படம் 3 மெகாபைட். அதாவது நூறு கட்டுரையின் எடை. படங்களைச் சுருக்கினேன். கட்டுரைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்று வைத்துக்கொண்டேன். ஓடும் எழுத்து, வருகைக் கணக்கு, பின்தொடரச் சொல்லும் பெட்டி எல்லாவற்றையும் எடுத்தேன். இப்போது பஸ் கிளம்புவதற்குள் பக்கம் முழுதாக இறங்கிவிடுகிறது.

சில வரிகளை அழகாக இருக்கட்டும் என்று படமாகவே போட்டிருந்தேன். கண் தெரியாதவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் தமிழையும் வாசிக்கிறது. ஆனால் அப்படிப் படத்துக்குள் அடைத்த எழுத்து அதற்கு வெறும் படம்தான். கூகுளில் தேடுபவருக்கும் அது எளிதில் அகப்படாது. அவற்றையெல்லாம் உட்கார்ந்து எழுத்தாக அடித்தேன். ஒவ்வொரு படத்துக்கும் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதி வைத்தேன். பாமினி எழுத்துருவில் அடித்துக் கிடந்த பழைய குறிப்புகளையும் யூனிகோடுக்கு மாற்றினேன். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும்.

கடைசியாகப் பழைய கட்டுரைகளின் வரிசை. வருஷம், மாதம் என்று அடுக்கியிருந்தேன். நான் எந்த மாதத்தில் எழுதினேன் என்பது மற்றவருக்கு எதற்கு? உ.வே. சாமிநாதையர் பதிப்புகளின் கடைசிப் பக்கங்களைப் புரட்டியவர்களுக்குத் தெரியும்: அரும்பதங்களைத் திரட்டி அகராதி வரிசையில் தந்திருப்பார். தேடி வருபவர் எந்தச் சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார் என்று யோசித்துச் செய்த வேலை அது. அதை மனதில் வைத்து ஆறு, மலை, சந்தை, விளைச்சல், ஊர்ப் பெயர் என்று ஐந்து தலைப்பில் பிரித்து ஒரே பக்கத்தில் பட்டியலாக்கினேன்.

எல்லாம் முடிய மூன்று வாரம் ஆனது. புதிதாக ஒரு வரிகூட எழுதாத மூன்று வாரம். அதையும் எழுத்து வேலையாகவே நினைக்கிறேன்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை வாத்தியார் வீட்டுக்குப் போய் அதே உத்திரகாவேரிக் கட்டுரையைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். பழைய கண்ணாடிதான் போட்டிருந்தார். கட்டைவிரல் கீழிருந்து மேலாக மட்டுமே நகர்ந்தது. பக்கவாட்டில் ஒரு தடவைகூடப் போகவில்லை. முடித்துவிட்டு, "மூணாவது பத்தியில ஒரு ஒற்று மிகாது, எடுத்துடு" என்றார். என் எழுத்தை அவர் முழுதாகப் படித்திருக்கிறார் என்பதற்கு வேறு சாட்சி எனக்கு வேண்டாம். அன்றே அந்த ஒற்றை எடுத்துவிட்டேன்.

வலைப்பூவோ வேறு எந்தப் பக்கமோ வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் இருப்பார். உங்கள் பக்கத்தை அவருடைய போனிலேயே திறந்து கையில் கொடுங்கள். விளக்கம் எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து அவர் விரலைப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறதோ, அங்கேதான் உங்களுக்கு வேலை இருக்கிறது.